அற்புதத்திற்குப் பின் வரும் நாட்கள்



மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில், ஜெபஆலயத் தலைவனாகிய யவீருவின் 12 வயது மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்புகிறார். அவள் எழுந்து நடக்கிறாள். வீட்டார் திகைத்து நிற்கையில், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி அவர் சொல்கிறார். உயிரைக் கொடுத்தது ஆண்டவரின் கரம். உணவைக் கொடுக்க வேண்டியதோ வீட்டாரின் கரம்.

மாரடைப்பிலிருந்து பிழைத்து ஊத்துக்குளிக்குத் திரும்பியவர்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இந்தப் பகுதியே என் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு ஆராதனையில் அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். நாம் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் நடப்பதை நாம் அறிவோமா? நெஞ்சில் சிறு குத்தல் வந்தாலும் "மறுபடியுமா?" என்று நடுங்குகிறார்கள். தனியே குளிக்கவும் அஞ்சுகிறார்கள். வீட்டாரோ அன்பின் மிகுதியால், "அசையாமல் படுத்திருங்கள்" என்கிறார்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவருக்கு, வருமானமற்ற ஒவ்வொரு நாளும் தாம் குடும்பத்துக்குப் பாரம் என்ற எண்ணத்தையே வளர்க்கிறது. சாட்சியில் சொல்லப்படாத துக்கம் இது.

அசையாதிருப்பதே மருந்து என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் எண்ணி, வாரக்கணக்கில் நோயாளிகளைப் படுக்கையில் வைத்திருந்தார்கள். 1952இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும், ஆரம்ப நாட்களிலேயே நோயாளியை நாற்காலியில் உட்காரவைப்பதன் நன்மையை எழுதினார்கள். படிப்படியான நடை, உடற்பயிற்சி, உணவு ஒழுங்கு, புகையை விடுதல், மன ஆறுதல் ஆகியவை சேர்ந்த இதய மறுவாழ்வுப் பயிற்சி பிற்பாடு வளர்ந்தது.

ஆனால் அதற்காக வாரந்தோறும் கோவைக்குச் சென்றுவர நம்மில் எத்தனை பேரால் இயலும்? துணைக்கு வருபவரின் கூலியும் அல்லவா போகும்? ஆகவே வீட்டிலும் தொடரத்தக்க வழிகள் நமக்கு வேண்டும். அப்படி ஒன்று நம் நாட்டிலேயே ஆராயப்பட்டது. 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு கண்ட 3,959 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி அளித்தார்கள். 3 மாதங்களில் 13 வகுப்புகள். மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி. 2020இல் முடிவுகள் வெளிவந்தன. மரணத்தையோ மறு மாரடைப்பையோ அது குறைத்ததாக உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் பயின்றவர்கள் தங்கள் உடல்நலம் தேறியதாக உணர்ந்தார்கள். தங்கள் பழைய வேலைகளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள்.

யோகா என்னும் சொல் உங்களில் சிலருக்கு இடறலாயிருக்கலாம். நான் எவரையும் வற்புறுத்தவில்லை. மருத்துவர் அனுமதித்தால், கம்பெனி வேன் வருமுன் உங்கள் தெருவிலேயே நடக்கலாம். மேடில்லாத பாதையில் சில நிமிடங்களில் தொடங்குங்கள்; பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். ஓய்ந்தும் நெஞ்சுவலி தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். நம் ஊருக்குப் பெயர் தந்த வெண்ணெயை விருந்தாளியின் இலைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றொன்றையும் வருத்தத்துடன் சொல்கிறேன். "கர்த்தர் சுகமாக்கிவிட்டார்; இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமன்று. உயிரைக் காத்தவர், அந்த உயிரைப் பேணும் பொறுப்பை நமக்குத் தந்திருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவரும் சகோதரியை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உங்கள் சந்தேகங்களை அவரிடம் கேளுங்கள்.

சபையாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயுற்றவரைப் பார்க்கப் பழங்களோடு போகிறோம். ஜெபித்து எழுந்து வந்துவிடுகிறோம். இந்த வாரம் செருப்பைக் கழற்றுமுன், "அண்ணா, வாருங்கள், முக்குவரைக்கும் நடந்து வரலாம்" என்று அழையுங்கள். தனியே நடக்க அஞ்சுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே பாதி பயம் போகும். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடங்களும் ஜெபமே.

கர்த்தர் உங்கள் வீடுகளைச் சுகத்தினாலும் சமாதானத்தினாலும் நிரப்புவாராக. ஆமென்.