பேனருக்கு வெளியே நின்றவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை 26, உலக அலையாத்திக் காடுகள் நாள். ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் பிச்சாவரம் பக்கம் நாற்று நடும் விழா. கூட்டம் சேர்க்க எங்களையும் அழைத்திருந்தார்கள், போனோம். எங்களுக்குப் பச்சை டிஷர்ட், தொப்பி, தண்ணீர் பாட்டில். சேற்றில் இறங்கிக் குழி போட்டதும் நாற்றுகளைச் சுமந்து வந்ததும் இருளர் பெண்கள். அவர்களுக்கு டிஷர்ட் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். தள்ளி நின்றார்கள். நாங்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் படத்தில் நாங்களும் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத முடியும்.

நடுவதற்கு முன்பே, அவர்களில் மூத்த ஓர் அம்மா சொன்னார்: "தம்பி, இந்த எடத்துல தண்ணி வடியாது. வாய்க்கா வெட்டாம நட்டா செடி நிக்காது." யாரும் காதில் வாங்கவில்லை. நாங்களும்தான். மறு ஆண்டு போனபோது பேனர் கட்டிய கம்பு நின்றது. நாற்றுகளில் பெரும்பாலானவை இல்லை.

அந்த அம்மா சொன்னது அனுபவம் மட்டுமல்ல, அறிவியல். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது உடனே நிற்கவில்லை. மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது, நிலம் தொட்டிபோலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாக, உப்பு ஏறியது. அதன் பிறகு அங்கே விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. ஆனால் காடு அழிந்ததற்குப் பழி, விறகு பொறுக்கிய ஏழைகள் மீதும் அவர்களுடைய ஆடு மாடுகள் மீதும் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து இதற்கு மாற்று கண்டார்கள். மீன் முள்போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலை ஏறும்போது தண்ணீர் வரும், இறங்கும்போது வடியும். உப்பு குறைந்தது, நட்டது பிழைத்தது. அந்த வாய்க்கால்களைக் காகிதத்தில் வரைந்தவர்களின் பெயர் அறிக்கைகளில் இருக்கிறது. இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரும் அழிவிலிருந்து தப்பின. அதற்குப் பிறகுதான் உலகம் அலையாத்திக் காடுகளைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நிவாரணம் வந்தபோது தலித்துகளும் இருளர்களும் பல இடங்களில் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். படகுக்கும் வலைக்கும் கணக்கு எடுத்தார்கள். தண்ணீரில் தவழ்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவருக்குக் கைதான் வலை. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். அதுவும் அலையாத்திக் காட்டு மரம். மரத்தின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைய நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று கதை சொன்னார்கள். தள்ளி நிற்கச் சொல்வது இந்த மண்ணில் பழைய பழக்கம்.

நிறுவனங்களின் பணமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது கடமை, தானம் அல்ல. மும்பை விக்ரோளியில் கோத்ரெஜ் நிறுவனம் தன் வசமுள்ள அலையாத்திக் காட்டைப் பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து வருகிறது. இடம் தன்னுடையது என்கிற உறுதி இருந்தால் அக்கறை ஒருநாள் விழாவோடு முடிவதில்லை. அந்த உறுதி பிச்சாவரத்தில் காட்டோடு வாழ்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

அதற்கும் சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருள்கள் மீதும், சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிப்பதிலும் காடு சார்ந்து வாழும் மக்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டாவே இல்லாத தலித் குடும்பம் 75 ஆண்டுக் காகிதத்துக்கு எங்கே போகும்? இருளர்களோ சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள்.

தம்பி தங்கைகளே, இனி உங்களையும் நாற்று நட அழைப்பார்கள். போங்கள். ஆனால் டிஷர்ட்டை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? மூன்று ஆண்டு கழித்து எத்தனை செடி நிற்கிறது என்று எண்ணப்போவது யார்? வளர்ந்த காட்டில் இறால் பிடிக்கும் உரிமை யாருக்கு?

பதில் வராவிட்டால், படம் எடுக்கும்போது நீங்களும் தள்ளி நில்லுங்கள், அந்த அம்மாக்களின் பக்கத்தில்.