மேற்செலவு

ஏழையின் கையில் ஒரு காசு போட்டவுடன் நமக்கு நிம்மதி பிறந்துவிடுகிறது. அவனுக்கும் பிறந்ததா என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில்தான் இயேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்த்தான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அத்துடன் நில்லாமல், மேற்செலவையும் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். கிறிஸ்தவனுடைய பொறுப்பு முழுவதும் அந்த மேற்செலவில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

இதற்கு வேலூர் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டார்கள். ஆண் வைத்தியரை அழைக்க அவர்களுடைய கணவன்மார் இசையவில்லை. அவர்கள் உதவி நாடி வந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க யுவதியோ வைத்தியம் அறியாதவர். அவர் அழுததோடு விடவில்லை. அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சை தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. தம் இரு கைகள் போதா என்று கண்டு, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் ஏற்படுத்தினார். 1960-ல் அவர் மறைந்தார். அவர் நட்ட ஸ்தாபனம் இன்றும் நோயாளிகளை வரவேற்கிறது.

இரக்கம் ஒரு கணத்தில் பிறந்துவிடும். பொறுப்பு என்பதோ, திரும்பி வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே வந்து சேர்வதாகும்.