தேரி மண் கற்றுத்தந்த தோட்டம்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடி நகரின் புறத்தே புதுவீடு கட்டிக் குடியேறினோம். வீட்டின் முன்னே வெறுமையாய்க் கிடந்த நிலத்தை ஓர் எழிற்பூங்காவாக மாற்றிவிட வேண்டுமென்பது எங்கள் ஆசை. நர்சரியிலிருந்து புல் வாங்கி, ஏறக்குறைய ஒரு சென்ட் அளவில் புல்தரை அமைத்தோம். அதைச் சுற்றிலும் பல வண்ணக் குரோட்டன்ஸ் செடிகளை நட்டோம். வந்தவரெல்லாம் பாராட்டினர், நாங்களும் அகமகிழ்ந்தோம்.

ஆனால் அந்தப் புல்தரையின் தாகத்தை நாங்கள் கணக்கிடவில்லை. கோடை வந்ததும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு குடம் நீர் ஊற்றினாலன்றி அது பசுமை காக்கவில்லை. எங்கள் தெருவில் கிணறில்லாத வீடுகள் இரண்டு உண்டு. அவர்கள் புழங்குவதற்கு எங்கள் கிணற்றிலேயே நீர் இறைப்பது வழக்கம். இரண்டாம் ஆண்டுச் சித்திரையில் ஒரு மாலை, அண்டை வீட்டு அம்மாள் வாளியை இறக்கியபோது சேறுதான் மேலே வந்தது. காலையில் நாங்கள் நனைத்த புல்தரையில் ஈரம் அப்போதும் காயவில்லை. அந்த அம்மாள் அதை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. வெறுங்குடத்துடன் திரும்பிச் சென்றார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல உறக்கமில்லை.

இந்த மனச்சுமையோடுதான் அவ்வாண்டு வைகாசி இறுதியில், உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டு உடன்குடிப் பக்கம் புறப்பட்டோம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆயினும் அதற்குள் எத்தனை காட்சிகள்! நகரைக் கடந்ததும் உப்பளங்கள். வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெண்குவியல்கள். முக்காணியையும் ஆத்தூரையும் நெருங்கும்போது தாமிரபரணியின் கருணையால் வாழைத்தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் குளிர்ச்சி தருகின்றன. திருச்செந்தூரைத் தாண்டி உடன்குடிச் சாலையில் திரும்பியதும் அந்தப் பசுமை விடைபெறுகிறது. பின்னர் எங்கு நோக்கினும் பனை. பனைகளுக்கு அப்பால் செக்கச் சிவந்த மணற்குன்றுகள். இதுவே தேரி.

குதிரைமொழித் தேரியை முதன்முறையாகக் காண்பவர் வியப்படையாமல் இருக்க இயலாது. இரும்புத் துரு படிந்ததால் சிவந்த மணல் அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இம்மணல் எழுந்து இடம் பெயர்கிறது. இவ்வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே ஆட்சி புரிகின்றன. இருந்தும் இங்கே உடைமரம் குடை விரித்தாற்போல் நிற்கிறது. ஆவாரை மஞ்சளாய்ப் பூக்கிறது. மேலப்புதுக்குடியில் இதே மணலினின்று ஒரு சுனை ஊறுகிறது. அங்குள்ள கோயிலுக்கே 'அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்' என்று பெயர். நீரின் அருமையை இவ்வூர் மக்கள் எத்துணை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

எங்கள் பெரியம்மாவின் வீடு தேரியின் ஓரத்தில் உள்ளது. பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் வெக்கை குறைந்ததை உணர்ந்தோம். மேற்கே காற்றைத் தடுக்கப் பனையும் உடையும் வரிசையாக நின்றன. வேலியோரத்தில் நொச்சியும் ஆடாதொடையும் அடர்ந்திருந்தன. இவை இரண்டையும் ஆடு கடிப்பதில்லை; ஆகவே முள்வேலி தேவைப்படவில்லை. வேலியின்மேல் பிரண்டை படர்ந்திருந்தது. வாசலருகே வேம்பும் பூவரசும் நிழல் தந்தன. நடுவில் ஒரு கொன்றை, இலைகளை உதிர்த்துவிட்டுப் பொன்னிறச் சரங்களைத் தொங்கவிட்டு நின்றது. புல்தரை எங்கும் இல்லை. பெருக்கிய மணல்முற்றம் மட்டுமே.

"பெரியம்மா, இத்தனைக்கும் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "நட்ட பிறகு இரண்டு கோடைக்கு ஊற்றினேன், தம்பி. பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் பிறகு அதது வேரைக் கீழே இறக்கிப் பிழைத்துக்கொள்ளும். இப்போது குளித்த தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. அவ்வளவுதான்."

அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். தேரி மணலில் மழைநீர் தேங்குவதில்லை. விரைவில் உள்ளே இறங்கிவிடுகிறது. மேல்மணல் காய்ந்ததும் அதுவே மூடிபோல் அமைந்து அடியிலுள்ள ஈரத்தைக் காக்கிறது. ஆழ வேரிறக்கும் செடி அந்த ஈரத்தை எட்டுகிறது. மேலோட்டமாக வேர்விடும் புல்லோ நாள்தோறும் நம் கையை எதிர்பார்க்கிறது. கொன்றை கோடையில் இலை உதிர்ப்பதும் நீரைச் சிக்கனம் செய்யவே. உதிர்ந்த சருகைப் பெரியம்மா எரிப்பதில்லை, மரத்தடியிலேயே பரப்பிவிடுகிறார்.

வறட்சியைத் தாங்குவதெல்லாம் நமக்கு உகந்ததென்றும் எண்ணிவிடலாகாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலும் வறட்சியைத் தாங்குகிறது. ஆடுகள் அதன் நெற்றைத் தின்று விதையை எங்கும் பரப்புகின்றன. அது மண்டிய இடத்தில் பிற செடிகளுக்கு இடமில்லை. முற்றத்தில் அதன் கன்று தலைகாட்டினால் பெரியம்மா அன்றே வேரோடு பிடுங்கிவிடுவார். அதேவேளையில், போர்த்துக்கீசியர் கொணர்ந்த கொல்லாமரத்தைத் தேரி மணல் ஏற்றுக்கொண்டதையும் அவர் நினைவூட்டினார். வந்தது எங்கிருந்து என்பதோடு, அண்டையில் உள்ளதை வாழவிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஊர் திரும்பியதும் ஆடி மாதத்தில் புல்தரையைக் கொத்தி அகற்றினோம். இரண்டடி ஆழக் குழிகள் தோண்டி, சருகும் தொழுவுரமும் இட்டு ஆறவிட்டோம். புரட்டாசி முடிவில், மழைக்கு முன்னதாக, வேம்பு, பூவரசு, கொன்றை, நொச்சி, ஆவாரை ஆகியவற்றை நட்டோம். மேற்கு ஓரத்தில் நான்கு பனங்கொட்டைகளை ஊன்றினோம். அவை பலன் தரப் பல ஆண்டுகள் செல்லும். நம் பேரப்பிள்ளைகள் நுங்கு உண்ணட்டும். ஒவ்வொரு கன்றின் அருகிலும் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் புதைத்தோம். வாரம் இருமுறை பானையை நிரப்பினால் போதும். நீர் வேருக்கே செல்லும்.

கூரை நீரையும் கிணற்றருகே ஒரு குழிக்குத் திருப்பினோம். 1,000 சதுர அடிக் கூரையில் 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 60,000 லிட்டர் நீர் விழுகிறது. 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் பொருள் எங்களுக்கு அப்போதுதான் முழுமையாய் விளங்கிற்று.

எல்லாம் செழித்தன என்று சொல்வதற்கில்லை. ஒரு வேப்பங்கன்று காற்றில் முறிந்தது. ஒரு கொன்றை பட்டுப்போயிற்று. கோடையில் எங்கள் முற்றம் முன்போல் பச்சைப்பசேல் என்று காட்சியளிப்பதுமில்லை. "அழகான புல்தரையை ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களை ஆவாரை பூத்திருக்கும் நாளில் வந்து பார்க்கும்படி அழைக்கிறோம்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டின் முன்னும் ஒரு துண்டு நிலம் இருக்கலாம். எதை நடுவதென்று தீர்மானிக்குமுன் உங்கள் ஊரின் புறம்போக்கையும் ஓடைக்கரையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். யாரும் நீர் ஊற்றாமல் அங்கே வளர்ந்து நிற்பவை எவையெனக் குறித்துக்கொள்ளுங்கள். முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் அவற்றின் பெயரும் பயனும் தெரியவரும்.

இவ்வாண்டுச் சித்திரையிலும் எங்கள் கிணற்றில் நீர் இறங்கத்தான் செய்தது. ஆயினும் அண்டை வீட்டு அம்மாள் ஒரு மாலையேனும் வெறுங்குடத்துடன் திரும்பவில்லை. சென்ற வாரம் அவர் எங்களிடம் ஒரு நொச்சிக் கிளை கேட்டு வாங்கிச் சென்று, தம் வாசலில் ஊன்றியிருக்கிறார்.