தேங்காய்த்திட்டில் ஒரு குளிர்கிடங்கும் அதன் ஜெனரேட்டரும்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கிடங்கில் மீன் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறது. பழைய ஜெனரேட்டரை மாற்றப் போகிறார்கள். எதை வாங்கலாம் என்று பார்க்க வந்த எலெக்ட்ரீஷியனோடு நானும் உள்ளே போனேன்.

அவர் ஜெனரேட்டர் பக்கமே போகவில்லை. நேராகக் கம்ப்ரசர் அறைக்குப் போய் மோட்டார் தகட்டைத் துடைத்துப் படித்தார். 30 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு. ஓடும்போது ஒவ்வொன்றும் இழுப்பது 55 ஆம்பியர் போலத்தான். ஆனால் நேரடியாகக் கிளப்பினால் முதல் சில நொடிகள் ஆறு மடங்கு, அதாவது 330 ஆம்பியர். அந்த ஒரு மோட்டாருக்காகவே 230 கேவிஏ வேண்டியிருக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

“ரெண்டையும் ஒண்ணா கிளப்பக் கூடாது சார். ஒண்ணு ஓட்டம் புடிச்ச பிறகு அடுத்தது. ஒரு டைமர் போட்டாப் போதும்” என்றார்.

ஃபேன், பம்ப், விளக்கு எல்லாம் சேர்த்து ஓடும் லோடு 80 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 100 கேவிஏ. 125 வாங்கினால் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. உரிமையாளர் மனதில் இருந்தது 250. பெரிதாக வாங்கினால் பயமில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தவறு. இரவில் ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடும்போது லோடு 40 கிலோவாட்டைத் தாண்டாது. 250க்கு அது ஐந்தில் ஒரு பங்கு. முப்பது சதவீதத்துக்கும் கீழே மணிக்கணக்கில் ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாகாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வழியாகக் கறுப்பாக ஒழுகும்.

பிறகுதான் வெளியே வந்து ஜெனரேட்டர் நிற்கும் மேடையைப் பார்த்தோம். முழங்கால் உயரம்கூட இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30 காலை வந்த தானே புயல் காற்றால் மின்கம்பங்களைச் சாய்த்தது. ஃபெஞ்சலோ தெருக்களையே மூழ்கடித்தது. ஆல்டர்னேட்டருக்குள் தண்ணீர் புகுந்தபின் கேவிஏ எவ்வளவு இருந்து என்ன? என்னைக் கேட்டால், கம்பெனிப் பெயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் மேடையைக் கட்ட வேண்டும்.

டீசலும் இதே கதைதான். முழு லோடில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு நாளைக்கு 500 லிட்டர். சாலையில் வெள்ளம் நின்றால் டீசல் வண்டி வராது. இரண்டு நாளுக்காவது கையிருப்பு வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த கிடங்கில் உறைந்த மீனே சில மணி நேரம் குளிரைக் காக்கும். இதுவே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசி அறையாக இருந்தால் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. அங்கே கரண்ட் போன நொடியே தானாகக் கிளம்பும் பேனல் அவசியம்.

விலை குறைவாக ஒரு பழைய செட் கிடைக்கிறது என்றார் உரிமையாளர். 2023 ஜூலை முதல் புதிய செட்டுகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகி, எஞ்சினை எலெக்ட்ரானிக் முறையில் இயக்குகிறார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் அதைத் திறக்க முடியாது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். அதனால் மழை நாளிலும் ஆள் அனுப்பும் சர்வீஸ் புதுச்சேரியிலேயே இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, 125 கேவிஏ புதியதையே வாங்குவதென்று முடிவானது. மேடையை இடுப்பளவு உயர்த்தும் வேலைக்குக் கொத்தனாரை அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்.