பரண் மேல் ஓர் இரவு

பரண் என்றவுடன் நம்மில் பலருக்கு, பழைய பித்தளை அண்டாக்களும் கால் முறிந்த நாற்காலிகளும் அடைக்கலம் புகுந்திருக்கும் வீட்டுப் பரணே நினைவுக்கு வரும். குறிஞ்சிப்பாட்டை நடத்துகையில், "தலைவி இதணம் என்னும் பரண்மீது இருந்து, தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் தினைப்புனத்தில் கிளியோட்டினாள்" என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தோம். மழை பெய்தால் அவள் என்ன செய்வாள் என்று ஒரு நாளும் நாம் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். தினந்தோறும் வகுப்பில் தூங்கி வழிந்தான். எழுந்து நிற்கச் சொன்னோம், நின்றுகொண்டே தூங்கினான்! அதட்டிக் கேட்டதில், "ராத்திரி கொல்லையிலே மான் ஓட்டணும் ஸார். பரண் ஒழுகுது" என்றான். தகப்பனார் திருப்பூரில் பனியன் வேலை. தாத்தாவுக்கோ இரவில் பார்வை மட்டு. நமக்கு வெட்கமாய்ப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரிப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்த அவர்கள் கடலைக்கொல்லைக்குச் சென்றோம். பரண் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளைக் காற்று கிழித்திருந்தது. பட்டதாரி அல்லவா? உடனே மேலேறி, உச்சியிலிருந்து பனையோலையை வேயத் தொடங்கினோம். பெரியவர் பொக்கைவாய் திறந்து சிரித்தார்.

"வாத்தியாரய்யா, மேலேயிருந்து வேய்ஞ்சா தண்ணி ஒவ்வொரு வரிசைக்கும் அடியிலே பூந்துக்கும். கீழேயிருந்து வாங்க!"

அன்று நாம் மாணவரானோம். இறவாரத்தில் முதல் வரிசை. அதன்மேல் பாதி மறையும்படி அடுத்த வரிசை. உச்சியில் இருபுறமும் மடிந்து விழும் புல்கட்டு. கூரை செங்குத்தாய்ச் சரிந்தால்தான் நீர் தங்காமல் ஓடும். சாரல் அடிக்கும் மலைப்பக்கத்தில் ஓலைத்தட்டி. கால்மரங்களின் அடியைத் தீயில் கருக்கித் தார் பூசினால் கறையான் எளிதில் அண்டாது. குறுக்குக் கட்டைகள் காற்றில் ஆடாமல் காக்கும். தளத்து மூங்கிற் பிளாச்சுகளிடையே விரலளவு சந்து விட்டால், உள்ளே தெறித்த நீரும் வடிந்துவிடும். அதன்மேல் சாக்கு விரித்தால் அரச போகந்தான்!

அன்றிரவே மழை சோதனைக்கு வந்தது. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. நள்ளிரவில் மழை விட்டதும் பையன் நம் தோளைத் தொட்டான். டார்ச் வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் பளபளத்தன. புள்ளிமான்கள்! நாம் மெய்ம்மறந்து பார்த்திருக்க, அவன் தகரத்தைத் தட்டினான். மந்தை துள்ளி மறைந்தது.

"அழகாத்தான் இருக்குது ஸார். ஆனா கடலை போச்சுன்னா அப்பா கடனை எப்படி அடைப்பாரு?" என்றான்.

ஒரு காலத்தில் ராஜாக்களும் துரைமார்களும் இத்தகைய பரண்களில் துப்பாக்கியுடன் காத்திருந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றம், அது நியாயமே. நாடு மானைக் காப்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்குரிய விலையில் ஒரு பங்கை, பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் தூக்கத்தால் கட்டிக்கொண்டிருக்கிறான். காட்டோரத்து உழவனின் நஷ்டத்தைக் காலத்தோடு ஈடுசெய்வதும், வேலி போடக் கைகொடுப்பதும் மானைக் காப்பதில் சேர்ந்தவையே அல்லவா?

அறுவடை வரையில் வாரத்தில் ஓர் இரவுக் காவலை நாம் ஏற்றுக்கொண்டோம். அந்த இரவுகளில் பையன் வீட்டில் உறங்கினான். மறுநாள் வகுப்பில் கண் விழித்துப் பாடம் கேட்டான். நாற்காலியில் தூங்கி வழிந்தவர் யார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்!