வானத்தின் மீது சுமத்திய பழி

மழைநீர் மாசற்றது என்று நம்பியே வளர்ந்தோம். தமிழகக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2003-ஆம் ஆண்டில், சென்னையில் எம் இல்லத்திலும் தொட்டி அமைந்தது. துத்தநாகப் பூச்சுத் தகரக் கூரையினின்று வடிந்த நீரை அன்னையார் அமுதெனப் பருகினார். அதனை அளந்தறிய விழைந்தோம்.

தூய மழையிலும் காற்றின் கரியமிலவாயு கரைவதால் அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.6. நகர மழையோ புகையையும் புழுதியையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தரநிலை. இத்துணை நுண்ணிய அளவில் புட்டியின் அழுக்கும் பொய்சொல்லும். ஆதலின் நைட்ரிக் அமிலத்தில் கழுவிய பாலிதீன் புட்டிகளில் கூரை நீரையும், வெட்டவெளி மழையையும் தனித்தனியே பிடித்தோம். அணு உறிஞ்சுதல் நிறமாலைமானி இரண்டிலும் துத்தநாகத்தை மிகுதியாகக் காட்டியது. "காற்றே நஞ்சாயிற்று" என முடிவெழுத முனைந்தோம்.

பேராசிரியர் ஒன்றே வினவினார்: "வாலைவடிநீரை ஊற்றிச் சோதித்தீர்களா?"

சோதித்தோம். அதிலும் துத்தநாகம்! வெட்டவெளியில் நாம் வைத்த தகரப் புனலே குற்றவாளி. எழுதிய தாள்களைக் கிழித்தோம். பாலிதீன் புனலிட்டு மீண்டும் பிடித்தபோது, வெளிமழையில் துத்தநாகம் வெகுவாகக் குறைந்தது. கூரை நீரில் குறையவில்லை. அப்பூச்சில் ஈயமும் கலந்திருத்தல் உண்டென்பதால், அந்நீர் அன்றே செடிகளுக்கென ஆயிற்று. அன்னையார் சிறிது வருந்தினார், பின் இசைந்தார்.

மாணவச் செல்வங்களே! பிறர்மீது குற்றம் சாற்றுமுன் நம் கைப்புனலைச் சோதிப்போம். ஆய்வுக்கும் வாழ்வுக்கும் அறம் அதுவே.