நாலு மணி வரைக்கும் நம்ம ஆளு!

யாரும் பந்து வீசாத, யாரும் மட்டையைத் தொடாத ஒரு மேட்ச்சை நகம் கடிச்சுக்கிட்டு பார்த்திருக்கீங்களா? நான் பார்ப்பேன். வருஷா வருஷம், ஜூலை கடைசியில். அமெரிக்க பேஸ்பால்ல அதுக்குப் பேரு 'டிரேட் டெட்லைன்'.

முதல்லயே சொல்லிடறேன் பாஸ், நான் வெறியன் கிடையாது. சீசனுக்கு ஒரு டீமுக்கு 162 மேட்ச். அதுல பத்து முழுசா பார்த்தா எனக்கு அதிகம். நியூயார்க்ல ஃப்ளஷிங் பக்கம் குடியிருந்தேன். பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைக்காகவே பிடிச்ச ரூம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல மெட்ஸ் அணியோட சிட்டி ஃபீல்ட் ஸ்டேடியம். 7-ம் நம்பர் ரயில்ல ஆரஞ்சும் நீலமும் போட்ட கூட்டத்தோட நசுங்கி நசுங்கியே நானும் மெட்ஸ் கட்சி ஆயிட்டேன்.

விஷயம் இதுதான். ஐ.பி.எல். ஏலம் சீசனுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். இங்கே பாதி சீசன் தாண்டின பிறகு ஆளை மாத்துவாங்க. ஜெயிக்கிற டீம் இந்த வருஷக் கோப்பைக்காக ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்கும். தோற்கிற டீம் அவரைக் கொடுத்துட்டு, நாளைக்கு தேறுவாங்கன்னு நாலு சின்னப் பசங்களை வாங்கிக்கும். 2015-ல் கெடு ஜூலை 31, சாயங்காலம் நாலு மணி. டிரேட் ஆகிறவரோட சம்மதம்? பத்து வருஷ சர்வீஸ், அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்னு இருந்தா 'முடியாது' சொல்லலாம். இல்லேன்னா கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கியிருக்கணும். மத்தவங்க பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனாலதான் அந்த வாரம் டக்-அவுட்ல யாராவது யாரையாவது கட்டிப்பிடிச்சா போதும், ரசிகனுக்கு வயித்தைக் கலக்கும்.

அந்த வருஷம் மெட்ஸ்கிட்ட பந்து வீச அருமையான பசங்க இருந்தாங்க. அடிக்கத்தான் ஆள் இல்லை. ஜூலை 29 ராத்திரி, சான் டியகோவோட மேட்ச் ஓடிக்கிட்டிருக்கும்போதே ட்விட்டர்ல செய்தி. மில்வாக்கிகிட்ட இருந்து கார்லோஸ் கோமஸ் வர்றார். பதிலுக்கு வில்மர் ஃபுளோரஸும் சாக் வீலரும் போறாங்க. ரூம்ல நானும் ரூம்மேட்டும் கை தட்டினோம். கோமஸ்னா சும்மாவா!

ஆனா ஃபுளோரஸ் இன்னும் மைதானத்துல ஆடிக்கிட்டிருந்தார். வெனிசுலா பையன், 23 வயசு. 16 வயசுல மெட்ஸ்ல சேர்ந்தவர். 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் பார்த்தே இங்கிலீஷ் கத்துக்கிட்டவர். அவர் பேட்டோட வந்ததும் கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுது. எல்லார் கையிலயும் போன், எல்லாருக்கும் சேதி தெரியும். மேனேஜர் டெர்ரி காலின்ஸ் அவரை வெளியே கூப்பிடவும் இல்லை. கடைசியில் ஷார்ட்ஸ்டாப் இடத்துல நின்னுக்கிட்டு, ஜெர்ஸி கையால கண்ணைத் துடைக்கிறார் மனுஷன். டி.வி. கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. எங்க ரூம்ல சத்தமே இல்லை. கோமஸ் வேணும்கிற ஆசை மட்டும் அப்பவும் போகலை, அதான் கொடுமை.

மேட்ச் முடிஞ்சதும் ஜெனரல் மேனேஜர் சாண்டி ஆல்டர்சன் வந்து சொன்னார், அந்த டிரேட் நடக்காது. கோமஸோட இடுப்புல பிரச்னைன்னு மெட்ஸ் பக்கம் பேச்சு.

வெள்ளிக்கிழமை, ஜூலை 31. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி டெட்ராய்ட்கிட்ட இருந்து யோனிஸ் செஸ்பெடஸ் வந்தார். பதிலுக்குப் போன இரண்டு இளம் பிட்சர்ல ஒருத்தர் மைக்கேல் ஃபுல்மர். (அவர் 2016-ல் அந்த லீகோட சிறந்த புதுமுகம். வலிக்காம எதுவும் கிடைக்காது இந்த வியாபாரத்துல.) அன்னிக்கு ராத்திரி முதலிடத்துல இருந்த வாஷிங்டனோட மேட்ச். 1-1னு இழுத்துக்கிட்டே போகுது. 12-வது இன்னிங்ஸ். அடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அழுத அதே பையன்! ஹோம் ரன்! ஓடி வரும்போது நெஞ்சுல இருக்கிற 'மெட்ஸ்'ங்கிற எழுத்தைப் பிடிச்சு இழுத்துக் காட்டினார். சினிமாவுல வெச்சா 'ஓவரா இருக்கே'ன்னு சொல்லியிருப்போம்.

செஸ்பெடஸ் 57 மேட்ச்ல 17 ஹோம் ரன் அடிச்சார். டீம் வேர்ல்டு சீரிஸ் வரைக்கும் போச்சு. கேன்சஸ் சிட்டிகிட்ட 4-1. அந்தக் கடைசி மேட்ச்ல கடைசியா அவுட் ஆனவரும் ஃபுளோரஸ்தான். மூணாவது ஸ்டிரைக்கை மட்டையை அசைக்காம பார்த்துக்கிட்டே நின்னார்.

2018 நவம்பர்ல மெட்ஸ் அவரை விட்டுடுச்சு. டிரேட் கூட இல்லை. அடுத்த வருஷத்துக்கு கான்ட்ராக்ட் தரலை, அவ்வளவுதான். நான் பழைய ரூம்மேட்டுக்கு மெசேஜ் போட்டேன். "பதிலுக்கு யாரு வர்றா?"ன்னு கேட்டான்.